சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது எந்த வருஷம்?

ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: சென்னையில் பொதுக் குடிநீர் விநியோகம் எப்போது தொடங்கியது? வீட்டில் தாத்தா "ஏழு கிணறு, 1772" என்கிறாராம். எங்கோ படித்ததில் 1872 என்று இருக்கிறதாம். கீழ்ப்பாக்கம் நீர்நிலையத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1914 என்கிறார்களாம். இதில் எது சரி?

மூன்றுமே சரி. 1772-ல் தண்ணீர் வந்தது கோட்டைக்கு. 1872-ல் வந்தது ஊருக்கு. அது நம்பிக் குடிக்கிற தண்ணீராக வந்தது 1914-ல். பொதுக் குடிநீர் என்றால் ஊருக்குப் பொதுவானது என்று எடுத்துக்கொண்டால், என் ஓட்டு 1872-க்கு. ஆனால் அந்த வருஷம் வந்த தண்ணீரின் லட்சணத்தைச் சொல்லாமல் அந்த ஓட்டைப் போட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஊரின் தரையைப் பார்த்துவிடுவோம். சென்னை கடலோர மணல் மேட்டில் உட்கார்ந்திருக்கிற ஊர். இங்கே வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைவான மழை என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். கூவமும் அடையாறும் கொசஸ்தலையாறும் அந்த நாட்களில்தான் ஆறு. மற்ற மாதங்களில் மணல். வருஷம் முழுக்க ஓடுகிற நதி ஒன்றுகூடப் பக்கத்தில் கிடையாது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு படலமாக நிற்கும். அந்தப் படலம் கனமாக உள்ள இடத்தில் கிணறு வெட்டினால் நல்ல தண்ணீர். நாலு தெரு தள்ளி வெட்டினால் வாயில் வைக்க முடியாது. பழைய சென்னைக்காரர்கள் "நல்ல தண்ணிக் கிணறு", "உப்புத் தண்ணிக் கிணறு" என்று பிரித்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

1640-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கட்டிய செயின்ட் ஜார்ஜ் கோட்டை கடலுக்கு நேர் எதிரே நிற்கிறது. கப்பல் வியாபாரத்துக்கு அருமையான இடம், குடிதண்ணீருக்கு மோசமான இடம். வடக்கே பெத்துநாயக்கன்பேட்டைப் பக்கம் இருந்த நல்ல கிணறுகளிலிருந்து சுமந்துதான் கொண்டுவர வேண்டும். அமைதிக் காலத்தில் இது ஒரு சிரமம், அவ்வளவுதான். முற்றுகைக் காலத்தில் உயிர்ப் பிரச்சினை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை முற்றுகையிட்டது. 1769-ல் ஹைதர் அலி குதிரைப்படையோடு சென்னை வாசல்வரை வந்து, தன் நிபந்தனைக்கு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். அதற்கு மூன்றாவது வருஷம் ஏழு கிணறு. தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலே கம்பெனிக்கு எது அவசரமாக இருந்தது என்று புரியும்.

கேப்டன் பேக்கர் என்ற கம்பெனி அதிகாரியின் திட்டம் அது. தோண்டியது பத்துக் கிணறு, பேர் நிலைத்தது ஏழுக்கு. நாளொன்றுக்கு 1,40,000 கேலன், அதாவது சுமார் 6,35,000 லிட்டர், அங்கிருந்து கோட்டைக்குப் போனது. இன்றைய கணக்கில் சொன்னால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி தினமும் 53 நடை அடிப்பதற்குச் சமம். 1772-க்கு அது பெரிய ஏற்பாடுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கிணறுகளைச் சுற்றிக் குடியிருந்த ஜனங்களின் வாசலுக்கு அந்தக் குழாய் போகவில்லை. அவர்கள் தெருவிலிருந்து எடுத்த தண்ணீர் கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் சிப்பாய்களுக்கும் போயிற்று. ஆகவே தாத்தா சொல்வது முதல் குழாய் ஏற்பாடு என்ற அளவில் சரி. பொது விநியோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பேட்டை இன்றும் ஏழு கிணறு என்றே அழைக்கப்படுகிறது. வள்ளலார் சிறு வயதிலிருந்து பல ஆண்டுகள் குடியிருந்த வீராசாமித் தெரு வீடும் அங்கேதான். வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் பலர், கிணற்றை விசாரிக்கிறவர்கள் சிலர்.

1772-க்கும் 1872-க்கும் நடுவே நூறு வருஷம். அந்த நூறு வருஷமும் ஊர் என்ன குடித்தது? அவரவர் வீட்டுக் கிணறு, கோயில் குளம், தெருக் கிணறு, காசு கொடுத்தால் தண்ணீர்க்காரர். பஞ்சம் வந்தால் எல்லாமே வற்றும். 1818-ல் அப்படி ஒரு தட்டுப்பாடு. அப்போது சென்னையின் கலெக்டர் எல்லிஸ் துரை. தமிழ் படித்தவர், குறளில் ஊறியவர். அவர் ஊரில் 27 கிணறுகள் வெட்டவைத்தார். அதைப் பற்றி ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றில் தமிழிலேயே கல்வெட்டும் வைத்தார். "இருபுனலும் வாய்ந்த மலையும் வருபுனலும்" என்ற குறளை மேற்கோள் காட்டி, அதன் பொருளை உணர்ந்து இந்தத் துரவுகளை (கிணறுகளை)க் கண்டேன் என்று எழுதுகிறார். தன் பெயரை 'எல்லீசன்' என்று போட்டுக்கொள்கிறார். ஒரு கலெக்டர் தன் நிர்வாக வேலைக்குக் குறளிலிருந்து காரணம் காட்டியதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அதற்காகவே இந்தக் கிளைக்கதை. ஆனாலும் 27 கிணறு என்பது அவசர உதவிதான், ஏற்பாடு ஆகாது.

சரி, 1872-க்கு வருவோம். விதை போட்டது 1866-ல், ஃபிரேசர் என்ற பொறியாளர். அவர் யோசனையின் அழகு அதன் எளிமையில் இருந்தது. ஊருக்கு வடமேற்கே கொசஸ்தலையாறு ஓடுகிறது. மழை நாட்களில் வெள்ளமாகப் போய் எண்ணூரில் கடலில் விழுகிறது. அதைத் தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு கட்டித் திருப்பு. கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கு அனுப்பு. அங்கிருந்து இன்னொரு கால்வாயில் புழல் ஏரிக்கு அனுப்பித் தேக்கு. புழலிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவா. அங்கே செங்கல் காரையில் கட்டிய ஒரு பெரிய தொட்டிக்கிணற்றில் விழச்செய்து, வார்ப்பிரும்புக் குழாய்களில் ஊருக்குள் விடு. வழி நெடுக எங்கேயும் எந்திரம் கிடையாது. எல்லாம் சரிவை நம்பித்தான்.

நீர்மட்டங்களைப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். இன்றைக்கு நாளிதழ்களில் வருகிற ஏரி நிலவரப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து சோழவரத்தின் முழு மட்டம் 65.50 அடி, புழல் 50.20 அடி. படிக்கட்டில் இறங்குவதுபோலத் தண்ணீர் தானாக இறங்கி வரும். சோழவரமும் புழலும் புதிதாகத் தோண்டியவை அல்ல. ஏற்கெனவே பாசன ஏரிகளாக இருந்தவற்றைப் பெரிதாக்கிக்கொண்டார்கள். பட்டணத்தின் தாகத்துக்கு ஆயக்கட்டு ஏரிகள் வேலை மாறிய கதையின் முதல் அத்தியாயம் என்று இதைச் சொல்லலாம். புழல் ஏரியை ஊர்க்காரர்கள் செங்குன்றம் ஏரி என்றும் சொல்வார்கள், இங்கிலீஷில் ரெட் ஹில்ஸ். மூன்றும் ஒன்றுதான். தெரியாமல் மூன்று ஏரி என்று எழுதியவர்களும் உண்டு.

1872-ல் தண்ணீர் கீழ்ப்பாக்கம் வந்து, ஊருக்குள் போனது. அப்போது சென்னையில் சுமார் 4 லட்சம் பேர். மூன்று மாகாணத் தலைநகரங்களில் நாம்தான் கடைசி. பம்பாய்க்கு விஹார் ஏரித் தண்ணீர் 1860-லேயே வந்துவிட்டது. கல்கத்தாவுக்குப் பல்டா நீர்நிலையத்திலிருந்து 1870-ல். அதுவும் மணலில் வடிகட்டிய தண்ணீர். இந்தக் கடைசி வரியில்தான் நம் ஊர்க் குறை இருக்கிறது. சென்னையில் 1872-ல் வடிகட்டல் என்று ஒன்றுமே இல்லை. ஏரியில் இருந்தது அப்படியே குழாயில் வந்தது.

அதுவும் எந்த வழியாக? புழலுக்கும் கீழ்ப்பாக்கத்துக்கும் நடுவே இருந்தது திறந்த மண் கால்வாய். வயலோரம், ஊரோரம், தோப்போரமாகப் பதினோரு கிலோமீட்டர். நம் ஊரில் வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் என்னென்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மாடு இறங்கும், துணி துவைப்பார்கள், கரையிலிருந்து மழை வாரிக்கொண்டு வருவதெல்லாம் உள்ளே விழும். அது லண்டனில் தெரியாத விஷயமும் இல்லை. தேம்ஸ் தண்ணீரை வடிகட்டாமல் வீடுகளுக்கு விடக்கூடாது என்று அங்கே 1852-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். காலராவுக்கும் குடிதண்ணீருக்கும் உள்ள தொடர்பை லண்டன் மருத்துவர் ஜான் ஸ்னோ 1854-ல் ஒரு தெரு பம்பை வைத்தே காட்டிவிட்டார். பன்னிரண்டு வருஷம் கழித்துச் சென்னைக்குத் திட்டம் போடும்போது வடிகட்டல் விடுபட்டுப் போனதற்குச் செலவைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு குறை அழுத்தம். மேலே சொன்ன சரிவுக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். புழல் நிறைந்திருந்தாலே 50 அடி. கோடையில் மட்டம் இறங்கும். கால்வாயில் வரும் தூரத்தில் இன்னும் கொஞ்சம் உயரம் போய்விடும். கீழ்ப்பாக்கத்தில் மிஞ்சுகிற உயரம்தான் ஊர் முழுக்கத் தண்ணீரைத் தள்ள வேண்டும். ஊரோ தட்டையான தரை. பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஓரளவு வரும், கடைசித் தெருவில் நூலாக விழும். மாடி வீட்டுக்காரருக்குக் குழாய் ஒரு அலங்காரம்.

இருந்தும் ஊரின் நடப்பை அது மாற்றிப் போட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தெருக் குழாய் வந்த பிறகுதான் பட்டணத்துக்குக் குழாயடி என்று ஓர் இடம் வந்தது. 'குழாயடிச் சண்டை' என்ற வழக்கு அப்புறம் வந்ததுதானே! கிணற்றுக்கு ஒரு சொந்தக்காரர் உண்டு, ஒரு சாதி உண்டு, யார் கயிற்றைத் தொடலாம் என்ற கட்டு உண்டு. தெருக் குழாயில் தகராறு குடத்தின் வரிசையைப் பற்றி வந்தது. எல்லாக் கட்டும் ஒரே நாளில் அவிழ்ந்துவிடவில்லை, ஆனாலும் இது சின்ன மாற்றமில்லை. மறுபக்கம், மடி பார்க்கிற வீடுகளில் குழாய்த் தண்ணீரை நெடுநாள் உள்ளே விடவில்லை. குழாயின் உள்ளே தோல் வாஷர் இருக்கிறதே! எங்கள் வீட்டுப் பாட்டி ஒருத்தி, கார்ப்பரேஷன் குழாய் சமையலறைக்குள்ளேயே வந்த பிறகும் பூஜைக்கு மட்டும் கொல்லைக் கிணற்றில்தான் இறைப்பாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். "சாமிக்கு உப்புத் தெரியாதா?" என்று கேட்டு நான் அடி வாங்கியிருக்கிறேன்.

இனி 1914. நடுவே உலகத்தில் இரண்டு விஷயம் நடந்தது. 1884 வாக்கில் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கல்கத்தாக் குளத்துத் தண்ணீரில் கண்டுகாட்டினார். 1892-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலரா வந்து சுமார் 8,600 பேர் செத்தார்கள். ஒட்டியே இருந்த அல்டோனாவில் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே எல்பே ஆற்றுத் தண்ணீர்தான். அல்டோனாவில் மட்டும் மணலில் வடிகட்டினார்கள். அதற்கு மேல் வடிகட்டலை ஆடம்பரச் செலவு என்று எவரும் சொல்ல முடியவில்லை.

சென்னை மாநகராட்சி இதற்கென்று தனிப் பொறியாளராக வைத்தது ஜே. டபிள்யூ. மேட்லியை. தி.நகரில் மேட்லி ரோடு இருக்கிறதே, அவர் பெயர்தான். மழைக்காலத்தில் மேட்லி சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் தண்ணீர்ப் பொறியாளர் பெயர் செய்திகளில் வருவது ஒரு வேடிக்கை. அவர் செய்த முதல் காரியம், திறந்த கால்வாய்க்குப் பதிலாகப் புழலிலிருந்து கீழ்ப்பாக்கம்வரை மூடிய கட்டுமானக் கால்வாய். மாடும் துணியும் அதோடு ஒழிந்தன. அடுத்தது கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள். அப்புறம், வடிகட்டிய தண்ணீரை நீராவி எந்திரத்தால் மேலேற்ற ஒரு பெரிய இரும்புத் தொட்டி. கொள்ளளவு சுமார் 15 லட்சம் கேலன். சரிவை மட்டும் நம்பியிருந்த காலம் முடிந்து, உயரத்தை நாமே உண்டாக்கிக்கொள்கிற காலம் அங்கே தொடங்கியது. ரிப்பன் மாளிகை 1913-ல், கீழ்ப்பாக்கம் 1914-ல். மாநகராட்சிக்கு அது கை ஓங்கிய காலம்.

அந்த மணல் வடிகட்டி எப்படி வேலை செய்கிறது என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். காப்பி வடிகட்டிபோல மணல் அழுக்கைப் பிடித்துக்கொள்கிறது என்று நினைப்பார்கள். அது பாதிதான். கீழே சரளைக்கல், அதன்மேல் இரண்டு மூன்று அடிக்கு மெல்லிய மணல், அதன்மேல் ஓர் ஆள் மார்பளவுக்குத் தண்ணீர். தண்ணீர் மிக மெதுவாக, மணிக்கு ஒரு சாண்கூட இறங்காது. சில நாட்களில் மணலின் மேற்பரப்பில் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து வழவழப்பான ஒரு படலம் படியும். கிருமிகளைத் தின்று தீர்க்கிற வேலையில் பெரும்பங்கு அந்தப் படலத்துக்குத்தான். கழுவிவிட்ட புது மணல் அத்தனை நன்றாக வடிகட்டாது!

இப்படி ஒன்றை வேறொரு சின்ன ஊரில் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். படலம் தடித்துத் தண்ணீர் இறங்காமல் போனால் தொட்டியை வடியவிடுவார்கள். ஆட்கள் பலகை போட்டு இறங்கி, தட்டை மண்வெட்டியால் மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் சுரண்டி எடுப்பார்கள். கல்லில் ஒட்டிய தோசையைக் கிளப்புவதுபோல, கீழே இருக்கிற மணல் கலையாமல். வந்தது பச்சையும் பழுப்புமாக, நனைந்த தோல்மாதிரி சுருண்டு வந்தது. குளத்து வாசனை. மூக்கைப் பொத்தின என்னைப் பார்த்துச் சுரண்டிக்கொண்டிருந்த பெரியவர், "இதான் தம்பி உங்களுக்குத் தண்ணியைச் சுத்தம் பண்ணுது" என்றார். எடுத்த மணலைக் கழுவிக் காயவைத்துக் குவித்திருந்தார்கள். அடுத்த சில நாட்களுக்கு அந்தத் தொட்டி ஊருக்குத் தண்ணீர் தராது, படலம் மறுபடி படிய வேண்டுமே.

மேட்லியின் கணக்கையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஊர் அவரை ஏமாற்றியது. 1961-ல் சென்னையின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கேலன், அதாவது சுமார் 114 லிட்டர் என்று வைத்து அமைப்பைத் திட்டமிட்டார்கள். 1911 கணக்கெடுப்பில் ஊர் 5 லட்சத்து 18 ஆயிரம். ஐம்பது வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் கூடும் என்பது அன்றைக்கு அசட்டுக் கணக்கு இல்லை. 1871-லிருந்து 1911 வரை நாற்பது வருஷத்தில் கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் 1931-ல் ஊர் 6 லட்சத்து 47 ஆயிரத்தைத் தொட்டது. 1941-ல் 7 லட்சத்து 77 ஆயிரம். ஐம்பது வருஷத்துக்குத் தைத்த சட்டை இருபது வருஷத்திலேயே இறுக ஆரம்பித்துவிட்டது. மேட்லி குறித்த 1961-ல், எல்லையும் விரிந்துவிட்ட சென்னையில், 17 லட்சத்து 29 ஆயிரம் பேர்.

ஆகவே அடுத்த ஏற்பாடு தவிர்க்க முடியாததாயிற்று. 1939-ல் மேயரான சத்தியமூர்த்தி கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் வேண்டும் என்று நின்றார். உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போது, 1940-ல் வேலை தொடங்கியது. 1944-ல் முடிந்தது. அவர் 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். தேக்கத்துக்கு அவர் பெயர்தான், சத்தியமூர்த்தி சாகர். பூண்டியின் முழு மட்டம் கடலுக்கு மேலே 140 அடி. அங்கே திறந்துவிட்ட தண்ணீர் ஆற்றோடு இறங்கி, ஃபிரேசர் சொன்ன அதே தாமரைப்பாக்கத்தில் திரும்பி, அதே சோழவரம், அதே புழல் வழியாக வந்து, மேட்லியின் மூடிய கால்வாயில் கீழ்ப்பாக்கம் சேர்ந்தது.